அறுபது வயசு வீடும் அரை டஜன் சாக்பீஸும்

தூத்துக்குடியில் நீங்கள் எதை வாங்கினாலும் அதில் கடலுக்கும் ஒரு பங்கு உண்டு. புது சைக்கிள் வாங்கினால் செயின் அதற்கு. புது கேட் மாட்டினால் கீல் அதற்கு. ஜன்னல் கம்பி, ஸ்கூட்டர் சைலன்சர், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் ஏணி என்று வரிசையாகத் தின்றுகொண்டே வந்து, கடைசியில் கான்கிரீட்டுக்குள் யார் கண்ணிலும் படாமல் படுத்திருக்கும் கம்பியையும் தேடிப் பிடித்துக் கடித்துவிடும். பீச் ரோட்டில் பத்து நிமிஷம் நின்றுவிட்டு உதட்டை நாக்கால் தொட்டுப் பாருங்கள். நான் சொல்வது புரியும்.

ஊரின் ரொம்பப் பழைய வீடுகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. பனிமய மாதா கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில், பூச்சு உதிர்ந்த பழஞ்சுவர் ஏதாவது கண்ணில் பட்டால் கொஞ்சம் நின்று பாருங்கள். கல்லில் தேன்கூடு மாதிரி கோலம் தெரியும். பவளப்பாறை! கடலிலிருந்து வெட்டிவந்த பாறையையே கல்லாக வைத்து, அதையே சுட்டுச் சுண்ணாம்பாக்கிப் பூசி வீடு கட்டினார்கள். கடலிலேயே பிறந்த கல்லைக் கடல் காற்று என்ன செய்துவிட முடியும்? (அதற்கு வேறு விதத்தில் விலை கொடுத்தோம். வெட்டி வெட்டி, தூத்துக்குடிக்கு எதிரே இருந்த விலாங்குச்சல்லித் தீவு தண்ணீருக்குள்ளேயே போய்விட்டது. 2001-ல் பவளப்பாறைகளை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்த்து, தொடவே கூடாது என்றார்கள்.)

வம்பு ஆரம்பித்தது சிமெண்ட்டும் இரும்பும் கல்யாணம் செய்துகொண்டபோதுதான்.

1950, 60-களில் நம் ஊர்களில் புது மாதிரி வீடுகள் முளைத்தன. ஞாபகம் இருக்கிறதா? ஓடு கிடையாது, தூண் கிடையாது, திண்ணை கிடையாது. தட்டையான மாடி. ஜன்னலுக்கு மேலே வீட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ரூல் தடி வைத்துக் கோடு போட்ட மாதிரி ஒரு சன்ஷேடு. மாடிப்படிப் பக்கம் சிமெண்ட் ஜாலி. தரையில் மொசைக். வாசல் தூணுக்குப் பதிலாக ஒல்லியாக இரண்டு இரும்புக் குழாய். அந்தக் காலத்தில் தெருவே வந்து வேடிக்கை பார்த்துவிட்டு 'மாடர்ன் வீடு' என்று பெயர் வைத்தது.

இன்றைக்கு அந்த வீடுகள் நிலைமை பரிதாபம். செட்டிநாட்டு வீடு என்றால் சினிமாக்காரர்கள் வருகிறார்கள், வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள். ஓட்டு வீடு என்றால் கவிதை எழுதுகிறார்கள். இந்த சன்ஷேடு வீட்டைத் தேடி வருகிற ஒரே ஆள், அடுக்குமாடி கட்டும் புரோமோட்டர்!

நமக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் வீடு அப்படிப்பட்டதுதான். பெயர் வேண்டாம், சொத்து விவகாரம். அவருடைய தாத்தா முத்துச்சிப்பியும் சங்கும் வாங்கி விற்றவர். மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் 1955-லிருந்து 1961 வரை வரிசையாகச் சர்க்கார் முத்துக்குளிப்பு நடந்தது. அதோடு சரி, அப்புறம் சிப்பி கண் திறக்கவில்லை. அப்பாக்காரர் காலத்தோடு ஒத்துப்போய்த் தோணிக்கு மாறினார். இங்கிருந்து வெங்காயமும் கருவாடும் கொழும்புக்கு. கொழும்பிலிருந்து திரும்பும்போது தோணியில் சரக்கு, தலையில் ஐடியா. அங்கே பணக்காரர்கள் கட்டுகிற புது வீடுகளைப் பார்த்துவிட்டு வந்து, நகராட்சியில் வேலை பார்த்த ஓவர்சியர் ஒருவரை உட்காரவைத்து வரைய வைத்து, 1965-ல் முடித்த வீடு இது.

முன்பக்க பால்கனி கப்பலின் முகப்பு மாதிரி வளைந்திருக்கும். மாடிப்படிச் சுவரில் கப்பலில் இருப்பதுபோல மூன்று வட்ட ஜன்னல்கள். தரை மட்டத்திலிருந்து ஏழு படி ஏறினால்தான் வாசல். "எங்கப்பாவுக்குக் கடல் மேல நம்பிக்கை கிடையாது தம்பி. 64-ல தனுஷ்கோடி போனது போனதுதானே? அதான் அஞ்சு படியா இருந்ததை ஏழாக்கிட்டாரு" என்பார் அண்ணாச்சி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்ததே, அந்த மழையில் தூத்துக்குடி பாதி ஊர் தண்ணீரில் கிடந்தது. இந்த வீட்டில் ஐந்தாவது படியோடு வெள்ளம் நின்றுவிட்டது. தெருவில் மற்ற எல்லோரும் சோபாவை வெயிலில் காயப் போட்டார்கள்.

ஆனால் மேலே பிரச்னை. சன்ஷேடின் அடிப்பக்கம் பாளம் பாளமாகப் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி எலும்பு மாதிரித் துருத்திக்கொண்டு நின்றது. ஒருநாள் காலை தோசைக்கல் அளவு கான்கிரீட் ஒன்று, அண்ணாச்சி வழக்கமாகப் பேப்பர் படிக்கும் நாற்காலியில் வந்து உட்கார்ந்தது. நல்லவேளை, அன்றைக்குப் பேப்பர்காரன் லேட்.

குடும்ப மாநாடு கூடியது. சிங்கப்பூரிலிருக்கிற தம்பி வாட்ஸ்அப்பில் வந்தார்: "இடிச்சிரலாம். எட்டு ஃப்ளாட். ஆளுக்கு ரெண்டு." நாகர்கோவில் தங்கை "உங்க இஷ்டம்" என்றார். (அதற்கு அர்த்தம் 'என் பங்கு வரணும்' என்று எல்லோருக்கும் தெரியும்.) வாஸ்துக்காரர் வந்து அடுப்படியை மூலை மாற்றச் சொன்னார். இன்ஜினீயரிங் படித்த மருமகப்பிள்ளை லேப்டாப்பில் ஒரு '3டி எலிவேஷன்' காட்டினார். பால்கனியைச் சதுரமாக வெட்டி, முன்பக்கம் முழுக்கத் தங்கக் கலரில் பளபள தகடு. நகைக்கடை மாதிரியே இருந்தது. மயினி ஒரு தட்டு மக்ரூன் வைத்துவிட்டு, "கிச்சன்ல மட்டும் டைல்ஸ் போட்டுக் குடுங்க, மத்ததை நீங்க என்னமும் செய்ங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் துறைமுகப் பக்கம் நடக்கும்போது கேட்டார்: "பழைய வீட்டைப் பழசாவே ரிப்பேர் பண்ண முடியாதா தம்பி? பளபளன்னு பண்ணுதவன் ஆயிரம் பேரு இருக்கான். இருந்தபடிக்கே பண்ணுதவன் யாரு இருக்கான்?"

இருக்கிறார்கள். எதிர்க்கரையில். அதுவும் அவருடைய அப்பா ஐடியா பிடித்துக்கொண்டு வந்த அதே கொழும்பில். 1962-ல் கட்டிய ஒரு வீட்டை அக்கக்காகக் கழற்றி, எண் போட்டு, வேறு ஊருக்குக் கொண்டுபோய் அப்படியே பூட்டியிருக்கிறார்கள் என்று சொன்னேன். அண்ணாச்சி நடையை நிறுத்தினார். "பாஸ்போர்ட் இருக்கா உம்மட்ட?"

தூத்துக்குடியிலிருந்து கொழும்பு, பறவை பறக்கிற கணக்கில் முந்நூறு கிலோமீட்டர்கூட இல்லை. காற்று சரியாக இருந்தால் தோணி இரண்டு நாளில் போய்விடும் என்பார்கள். வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி ஓட்டியதே இந்த வழியில்தான். 2011 ஜூனில் மறுபடி பயணிகள் கப்பல் விட்டார்கள், அது அந்த வருஷ நவம்பரையே தாண்டவில்லை. ஆகவே இன்றைக்குக் கொழும்புக்குப் போக தூத்துக்குடிக்காரர் என்ன செய்ய வேண்டும் தெரியுமோ? கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏற வேண்டும். அங்கிருந்து விமானம். காபி கொடுத்து முடிப்பதற்குள் இறங்கச் சொல்கிறார்கள்.

கொழும்பு கோட்டையில் ரயில் ஏறித் தெற்கே போனால், தண்டவாளம் கடலுக்குள் இறங்கிவிடுமோ என்று பயப்படும் அளவுக்கு அலையை ஒட்டியே போகிறது. அளுத்கமவில் இறங்கி ஆட்டோ பிடித்தால் பெந்தோட்டைக்கு உள்ளே, தெத்துவ ஏரிக்கரையில் லுணுகங்க. 'லுணு' என்றால் சிங்களத்தில் உப்பு. உப்பு ஆறு! "நம்ம ஊரு பேரு மாதிரில இருக்கு" என்று அண்ணாச்சிக்கு ஏக சந்தோஷம்.

இந்தத் தோட்டத்தின் சொந்தக்காரர் ஜெஃப்ரி பாவா. முதலில் வக்கீல். 1948-ல் இந்த ரப்பர் தோட்டத்தை வாங்கி, அதை அழகுபடுத்தப் போய், அதற்குப் படிப்பு போதவில்லை என்று லண்டனில் போய்ப் படித்து, 1957-ல் 38-வது வயதில் ஆர்க்கிடெக்ட் ஆனவர். இலங்கையின் இன்றைய நாடாளுமன்றக் கட்டடம் அவர் போட்டதுதான். 2003-ல் காலமானார்.

அவரிடம் 1960-ல் வந்தவர் ஈனா டி சில்வா. பத்திக் துணிக்கலையில் பின்னால் பெரும் பெயர் எடுத்தவர். அப்பாவும் இலங்கைப் போலீஸின் தலைமை அதிகாரியாக இருந்தவர், கணவரும் அப்படியே. அந்த வீட்டில் திருடன் நுழைய எவ்வளவு யோசித்திருப்பான் பாருங்கள்! அம்மையார் கேட்டது இதுதான்: வீடு புது மாதிரியாக இருக்க வேண்டும். ஆனால் சின்ன வயசில் கண்டி மலைப்பக்கத்துப் பெரிய வீடுகளில் பார்த்த முற்றமும் தாழ்வாரமும் வேண்டும். இடமோ கொழும்பு ஆல்ஃபிரட் பிளேஸில் ஒரு சின்ன மனை.

அந்தச் சமயம் இலங்கையில் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. இரும்பும் கண்ணாடியும் நினைத்தபடி கிடைக்காது. தவிரவும் தட்டைக் கூரையெல்லாம் கொழும்பு மழைக்கு முன்னால் எடுபடாது என்று பாவாவுக்கும், கூடவே வேலை பார்த்த டென்மார்க்காரர் உல்ரிக் பிளெஸ்னருக்கும் தெரிந்துபோயிருந்தது. ஓடு, மரம், கருங்கல், சுண்ணாம்பு வெள்ளை என்று கையில் கிடைத்ததை வைத்தே யோசித்தார்கள். தெருவைப் பார்த்து ஒரே மதில். உள்ளே போனால் நடுவில் பெரிய முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், அதற்குப் பின்னால் அறைகள். எல்லா அறையும் முற்றத்தைத்தான் பார்க்கும். பாட்டி காலத்து வீடு மாதிரியும் இருக்கும், பாட்டி காலத்தில் இல்லாத மாதிரியும் இருக்கும். இலங்கையில் அப்புறம் கட்டிய எத்தனையோ வீடுகளுக்கு இதுதான் தாய்.

பஞ்சத்தில்தான் மூளை வேலை செய்கிறது என்பது என் கட்சி. இங்கே நம் பக்கமும் அதே கதைதானே? சிமெண்ட்டுக்குப் பெர்மிட் வாங்க ஆபீஸ் ஆபீஸாக அலைந்த காலம் அது. 1982-ல்தான் பாதித் தளர்த்தினார்கள், 89-ல் முழுசாக. அண்ணாச்சி வீட்டு சன்ஷேடு விளிம்பு அவ்வளவு ஒல்லியாக அழகாக இருப்பதற்கு ஓவர்சியரின் ரசனை ஒரு காரணம் என்றால், மூட்டை கிடைக்காதது இன்னொரு காரணம்.

காலம் போயிற்று. ஈனா அம்மையார் ஊரோடு மாத்தளைப் பக்கம் அலுவிகாரைக்கே திரும்பி, அங்கே பெண்களுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். கொழும்பு வீட்டைச் சுற்றிக் கட்டடங்கள் எழும்பின. 2009-ல் மனை பக்கத்து மருத்துவமனைக்குப் போயிற்று. அவர்களுக்கு வேண்டியது இடம், வீடல்ல. கார் நிறுத்துவதற்கு.

வேறு நாடாக இருந்தால் ஒரு மலர் வெளியிட்டு அஞ்சலி செலுத்தியிருப்பார்கள். பாவாவின் பெயரில் உள்ள அறக்கட்டளைக்காரர்கள் வீட்டையே தூக்கிக்கொண்டு போவது என்று முடிவு செய்தார்கள். தொல்லியல் அறிஞர் நிலான் குரேயும் கட்டடக் கலைஞர் அமிலா டி மெல்லும் இறங்கினார்கள். பூமியைத் தோண்டிப் பழைய நகரத்தை எடுக்கிறவர்கள் எப்படி ஒவ்வொரு ஓட்டுத் துண்டுக்கும் இடம், ஆழம் குறித்து வைப்பார்களோ, அந்த முறை. முதலில் வீட்டை அங்குலம் அங்குலமாக அளந்து வரைந்தார்கள். அப்புறம் ஒவ்வொரு கதவுக்கும் ஜன்னலுக்கும் தூணுக்கும் கல்லுக்கும் எண். அதற்கப்புறம்தான் கடப்பாரை. எல்லாம் லாரியில் ஏறி லுணுகங்க வந்து சேர்ந்தது. திரும்ப வீடாக எழும்பி நிற்க வருஷக்கணக்கானது. 2016-ல் வேலை முடிந்தது. ஈனா அம்மையார் அதற்கு முந்தின வருஷம் அக்டோபரில், 93 வயதில் போய்விட்டார்.

உள்ளே நுழைந்தோம். பகல் வெளிச்சம் முற்றத்தில் விழுந்து, தாழ்வாரத்துக்கு வரும்போது பாதியாகி, அறைக்குள் போகும்போது கால்வாசியாகியிருந்தது. கருங்கல் அடிக்கல்லில் மரத்தூண்கள். வெளியே ஒரு பெரிய ஏரி, உலகமே வந்து படம் பிடிக்கிற தோட்டம். வீடு அதையெல்லாம் கவனிக்கவே இல்லை. கொழும்புச் சந்துக்குள் இருந்தபோது எப்படி உள்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்ததோ, அப்படியே உட்கார்ந்திருந்தது. கல்யாணமாகிப் பெரிய இடத்துக்குப் போன பிறகும் அம்மா வீட்டுப் பழக்கத்தை விடாத பெண் மாதிரி.

அண்ணாச்சி ரொம்ப நேரம் தூணையே தடவிப் பார்த்தார். பிறகு குறுக்கு விசாரணை ஆரம்பித்தார்.

"செங்கல்லு?"

"சுவரைத் தூக்கிக்கொண்டு வர முடியுமா அண்ணாச்சி? புதுசு."

"பூச்சு?"

"புதுசு."

"இடமே புதுசு. அப்போ இதுல எதுதான்வே பழசு?"

நியாயமான கேள்வி. இதைப் பற்றிப் படித்தவர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நெருக்கடியான தெருவிலிருந்து கதவைத் தள்ளி உள்ளே போனதும் சட்டென்று விரிகிற முற்றம்தான் அந்த வீட்டின் உயிர், தோட்டத்துக்கு நடுவில் வைத்தால் அந்தச் 'சட்டென்று' போய்விடுகிறதே என்பது ஒரு கட்சி. சரியான வாதம்தான். ஆனால் எதிர்க்கட்சியின் வேட்பாளர் கார் பார்க்கிங் என்பதை மறக்கக் கூடாது.

பழசு எது என்று அண்ணாச்சியே அரைமணி கழித்துக் கண்டுபிடித்தார். முற்றத்தை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் காலால் அடியளந்து நடந்துவிட்டு வந்து சொன்னார்: "அளவு பழசு. இந்தத் தாழ்வாரம் இத்தனை அகலம், இந்த ஓடு இத்தனை உசரத்துல இறங்கணும், வெளிச்சம் இங்க வந்து நிக்கணும்... அது பழசு. செங்கல்லு யாருக்கு வேணும்?"

திரும்பும்போது மதுரையில் இறங்கியதால் இன்னொரு காரியமும் செய்தோம். கோச்சடையில் இப்போது ஒரு ஹோட்டலுக்குள் இருக்கிறதே மதுரை கிளப் கட்டடம், அதுவும் இதே பாவா போட்டதுதான் என்பது மதுரைக்காரர்களிலேயே நிறையப் பேருக்குத் தெரியாது. 1971-லிருந்து 74-க்குள், மதுரா கோட்ஸ் அதிகாரிகள் பொழுதுபோக்குவதற்காகக் கட்டியது. (தூத்துக்குடியில் வ.உ.சி. 1908-ல் வேலைநிறுத்தம் நடத்தினாரே கோரல் மில், அது இந்த மில் குடும்பத்தில் சேர்ந்ததுதான். தொழிலாளி வேர்வை தூத்துக்குடியில், அதிகாரி நீச்சல் குளம் மதுரையில்!) இடித்த செட்டிநாட்டு வீடுகளின் கதவு, பழைய கல் தூண் என்று கிடைத்ததையெல்லாம் பொறுக்கி வந்து, நம்மூர்க் கல்தச்சர்களை வைத்து எழுப்பியிருக்கிறார். அண்ணாச்சி ஒரு கதவைத் தட்டிப் பார்த்து, "இது தேக்கு" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு ஒரு காபி குடித்தார். காபி விலையைக் கேட்டதும் பாவா மேலிருந்த மரியாதை கொஞ்சம் குறைந்தது.

ஊர் வந்த மறுநாள் காலை, அண்ணாச்சி பெட்டிக்கடையில் அரை டஜன் சாக்பீஸ் வாங்கினார்.

தொல்லியல் நிபுணரும் அறக்கட்டளையும் எல்லோருக்கும் கிடைக்காது. எண் போடுவதற்கு என்ன பணமா வேண்டும்? கீழே கிழக்கு ஜன்னல் கி-1, கி-2. மாடியில் மா-1, மா-2. கதவுப் பலகை, ஜன்னல் கொக்கி, பித்தளைத் தாழ்ப்பாள், கண்ணாடிச் சில்லு வரை. பேரன் செல்போனில் ஒவ்வொன்றையும் படம் எடுத்தான். 'இந்த வீட்டில் என்னென்ன இருக்கிறது' என்று அறுபது வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்தது. மயினி தன் கல்யாணத்தன்று தொலைந்துபோன தாழ்ப்பாள் குமிழ் ஒன்றைப் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அதே பரணில்தான் ஒரு தகரக் குழாய்க்குள் நீலக் காகிதம் கிடைத்தது. ஓவர்சியர் போட்ட பிளான்! மடிப்பில் கிழிந்து, பாதி வெளுத்து... அதை விரித்துப் பார்த்தபோது ஒரு விஷயம் உதைத்தது. மாடிப்படி முடிகிற இடத்தில், கூரைக்குக் கொஞ்சம் கீழே, மேற்குப் பக்கம் நீளமாக ஓர் இடைவெளி காட்டியிருந்தது. வீட்டிலோ அங்கே வெறும் சுவர்.

"அது கொசு வருதுன்னு நான்தான் 96-ல அடைச்சேன்" என்றார் அண்ணாச்சி.

மேஸ்திரி முத்தையாபுரத்துக்காரர். தோணி வேலையிலிருந்து கொத்து வேலைக்கு வந்தவர். பிளானைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணாச்சி, கொண்டல் காத்து கிழக்க பால்கனி வழியா உள்ள வரும். வந்த காத்து வெளிய போகணும்லா? மாடிப்படி மேல ஏறி அந்தச் சந்து வழியாப் போயிரும். கச்சான் அடிக்குத மாசத்துல மண்ணு வராம இருக்கத்தான் மேக்க ஜாலி. நீங்க மூக்கை அடைச்சிட்டு, மூச்சு முட்டுதுன்னு ஏ.சி. வாங்கியிருக்கீங்க!"

அடைப்பை எடுத்தார்கள். ஏதோ மாயமந்திரம் நடந்தது என்று சொல்ல மாட்டேன். மே மாசம் மே மாசம்தான். ஆனால் மத்தியானம் மூன்று மணிக்கு மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்தால் வேட்டி நுனி அசைகிறது. கொசுவுக்கு வலை அடித்தாகிவிட்டது. அதை முதலிலேயே அடித்திருக்கலாமே என்று யாரும் அண்ணாச்சியைக் கேட்கவில்லை, மயினியைத் தவிர.

சன்ஷேடு விவகாரம் இவ்வளவு சுலபமாக முடியவில்லை. மேஸ்திரி சின்னச் சுத்தியலால் ஓரம் ஓரமாகத் தட்டிக்கொண்டே போனார். 'டங்'கென்றால் நல்ல கான்கிரீட், 'டொப்'பென்றால் உள்ளே பொத்தல். உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. மேலே சிமெண்ட்டைப் பூசி பெயின்ட் அடித்தால் இரண்டு மழைக்குத் தாங்கும். முறையாகச் செய்வதென்றால் கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, இற்றுப்போன கம்பிக்குத் துணைக் கம்பி கட்டி, அதற்கென்றே வருகிற பூச்சைத் தடவி, பாலிமர் கலந்த காரையால் மூட வேண்டும். பதினொரு சன்ஷேடில் ஏழு இப்படிப் பிழைத்தன. நான்கு தேறவில்லை, புதுசாக வார்க்க வேண்டும் என்றாகிவிட்டது.

இங்கேதான் நிஜமான சங்கடம். இன்றைய விதிப்படி, கடலோரத்தில் கம்பிக்கு மேல் கனமாகக் கான்கிரீட் மூடாக்கு இருக்க வேண்டும். பழைய சன்ஷேடின் விளிம்போ மூன்று அங்குலம். விதியைப் பார்த்தால் விளிம்பு ஐந்து அங்குலமாகிவிடும். ஒல்லியாக இருப்பதுதான் அந்த வீட்டுக்கே அழகு. தடித்தால் லாரியின் பம்பர். அழகைப் பார்த்தால் இன்னும் இருபது வருஷத்தில் மறுபடி நாற்காலியில் கான்கிரீட் விழும்.

"ரெண்டங்குலம் கூடுனா யாருக்குத் தெரியப்போவுது மாமா?" என்றார் மருமகப்பிள்ளை.

அண்ணாச்சி அவரைத் தெரு எதிர்ப்பக்கம் கூட்டிப் போய் நிறுத்தினார். மேஸ்திரி மேலே நின்று, பழைய விளிம்புக்குக் கீழே இரண்டு அங்குலப் பலகை ஒன்றைப் பிடித்தார். மருமகப்பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆமா மாமா" என்றார். அன்றோடு தங்கக் கலர் தகடு பேச்சு அந்த வீட்டில் எழவில்லை.

கடைசியில் மேஸ்திரியும் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரும் உட்கார்ந்து வழி கண்டார்கள். சுவரை ஒட்டிய இடத்தில், கீழேயிருந்து பார்த்தால் தெரியாதபடி கனத்தைக் கூட்டி, விளிம்புக்கு வர வர ஒல்லியாக்குவது. அந்த ஒல்லி விளிம்பில் மட்டும் சாதாரணக் கம்பிக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி. விலை பல மடங்கு. பில்லைப் படம் எடுத்து அனுப்பியதும் சிங்கப்பூரிலிருந்து நாலு கேள்விக்குறி வந்தது. அண்ணாச்சி பதில் போடவில்லை. தன் பங்குப் பணத்திலிருந்து என்று வங்கிக்குப் போய்வந்தார்.

புதுச்சேரியில் ஆசிரமத்துக்காரர்களின் கோல்கொண்டே என்று ஒரு தங்கும் விடுதி இருக்கிறது. 1937-ல் ஆரம்பித்த வேலை. அன்டோனின் ரேமண்ட் என்ற செக் நாட்டுக்காரர் போட்ட கான்கிரீட் கட்டடம். அதுவும் கடற்கரைக்குப் பக்கம்தான், அதற்கும் அதே உப்புக் காற்றுதான். இன்றும் கட்டுக்கோப்பாக நிற்கிறது. ரகசியம் ஒன்றுமில்லை, தினமும் யாராவது துடைக்கிறார்கள், கீல் ஆடினால் அன்றைக்கே பார்க்கிறார்கள். இதைச் சொன்னேன் என்பதற்காக மயினி இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் பேரன் கையில் துணியைக் கொடுத்து ஜன்னல் கம்பியைத் துடைக்கச் சொல்கிறார். பையன் என்னைத் தெருவில் பார்த்தால் முகம் கொடுப்பதில்லை.

நான்கு சன்ஷேடும் வார்த்த அன்று நானும் போயிருந்தேன். ஈரம் காய்வதற்கு முன் மேஸ்திரி ஒரு ஆணியை எடுத்து, மேல்பக்கம் பறவைக்கு மட்டும் தெரிகிற இடத்தில் வருஷத்தைக் கீறினார். புதுசு எது, பழசு எது என்று நாளைக்கு வருகிறவனுக்குத் தெரிய வேண்டுமாம். இதை லுணுகங்கவில் யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. தோணியில் பலகை மாற்றினாலும் அப்படித்தான் குறிப்பார்களாம்.

கீழ்வீடு முடிந்துவிட்டது. சமையலறையில் மயினிக்கு டைல்ஸ் வந்தாயிற்று. ஆனால் மொசைக்கை உடைக்காமல் சுவரில் மட்டும். மாடி வேலை பாக்கி. தம்பி பொங்கலுக்கு வருகிறார், வந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று சொல்வாராம். தங்கை இன்னும் "உங்க இஷ்டம்"தான்.

புரோமோட்டர் வெள்ளிக்கிழமை தவறாமல் போன் செய்கிறாராம்.

"என்ன சொல்லுதீங்க?" என்று கேட்டேன்.

"எடுக்கவே மாட்டேன்" என்றார் அண்ணாச்சி. கொஞ்ச நேரம் சன்ஷேடையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா நம்பரை இன்னும் அழிக்கல தம்பி."